பழநிப் பாதயாத்திரை: முதல் அடிக்கு முன்னே



தை மாதம் நெருங்கிவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் காவடிப் பேச்சு எழுந்துவிடும். பால்குடம் எடுப்போர் யார், விரதம் தொடங்கும் நாள் எது, பத்துமலைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்றெல்லாம் கேட்டுக்கொள்வோம். சில வீடுகளில் இன்னொரு பேச்சும் மெல்லிய குரலில் நடக்கும். "கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் பழநிக்கு நடந்து போயிடணும்" என்று தாத்தாவோ பாட்டியோ சொல்லுவார். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். அந்த ஆண்டும் கழிந்துவிடும்.

பழநியாண்டவரின் பெருமையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நாம் இன்று பேச வந்தது வேறு செய்தி. நடை தொடங்கும் இடத்திற்கு நல்லபடியாகப் போய்ச் சேருவது எப்படி? சாதாரணக் கேள்விதான். ஆனால் பலருடைய வேண்டுதல் தடைபடுவது நடக்கும் பாதையில் அன்று. அந்தப் பாதைக்கு வந்து சேரும் வழியிலேதான்.

பழநிக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்து வருகிறார்கள். அவற்றுள் புகழ் பெற்றது செட்டிநாட்டிலிருந்து செல்லும் பாதயாத்திரை. நகரத்தார் காவடிகள் பல ஊர்களிலிருந்து வந்து குன்றக்குடியில் கூடிப் புறப்படுவது நெடுங்கால மரபு. குன்றக்குடி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள முருகன் தலம். அங்கிருந்து பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி 150 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு வாரம் நடக்க வேண்டும்.

நமக்கும் அந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. பினாங்குத் தைப்பூசத்தில் ஊர்வலம் வரும் நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-ஆம் ஆண்டில் காரைக்குடியிலிருந்து வந்தது. அது கப்பலில் வந்தது போலவே நம் பாட்டன்மாரும் கப்பலில் வந்தார்கள். ஊருக்குப் போவதும் கப்பலில்தான். 1970-களின் தொடக்கம் வரை ரஜூலா, அதன் பின் எம்.வி. சிதம்பரம். பினாங்கில் ஏறினால் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கலாம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தபின் அந்தக் கடல்வழி முடிந்துபோயிற்று. கப்பலில் நாள்கணக்கில் உட்கார்ந்து போன காலத்தில் உடம்புக்கு ஓய்வு தானாகக் கிடைத்தது. இன்று விமானம் 4 மணி நேரத்தில் திருச்சியில் இறக்கிவிடுகிறது. அந்த வேகம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். முதன்முறை நாங்கள் எட்டுப் பேர் போனோம். விடுப்பு குறைவு, ஆகவே ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று திட்டம் போட்டோம். இரவு விமானத்தில் தூக்கமில்லை. பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். காரைக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். குன்றக்குடியில் சாமி கும்பிட்ட கையோடு அன்றைக்கே நடக்கத் தொடங்கினோம். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் நாற்பது வருடம் பால்மரம் சீவிய பெரியவர். இரண்டாம் நாள் சிங்கம்புணரிக்கு முன்னே அவருடைய கால் வீங்கிவிட்டது. துணைக்கு ஒருவரைச் சேர்த்து அவரைப் பஸ்ஸில் ஏற்றினோம். நாங்கள் பழநிக்குப் போய்ச் சேரும் வரை அவர் ஒரு சத்திரத்தில் காத்திருந்தார். எங்களைக் கண்டதும், "நத்தம் தாண்டி ரோடு எப்படிப்பா இருந்துச்சு?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அடுத்த முறை சேர்ந்தே நடப்போம் என்று சொன்னோம். அடுத்த முறை அவருக்கு வாய்க்கவில்லை.

ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தால் அவர் நடந்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

நேயர்களே, பயணத் திட்டத்தை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் எண்ண வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து எண்ணக் கூடாது. பூச நாளிலிருந்து எண்ணி வரவேண்டும். தைப்பூசம் நட்சத்திரத்தையும் நிலவையும் ஒட்டி வருவது. ஆகவே ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. முதலில் நாள்காட்டியில் பூசத்தைப் பாருங்கள்.

2025-ஐயே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பூசம் பிப்ரவரி 11. கூட்டம் நெருக்கும் முன் 9-ஆம் தேதியே பழநியை அடைவது நல்லது. நாளுக்கு 23 கிலோமீட்டர் போல ஏழு நாள் நடை என்றால் 3-ஆம் தேதி காலையில் குன்றக்குடியில் முதல் அடி. 2-ஆம் தேதி முழு ஓய்வு. 1-ஆம் தேதி திருச்சியில் இறங்கிக் காரைக்குடி போய்ச் சேரும் நாள். அப்படியானால் ஜனவரி 31-இல் தோட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். பூசம் முடிந்து பழநியிலிருந்து திருச்சி வரவும், விமானம் ஏறவும், வீடு சேரவும் மூன்று நாள் வையுங்கள். பிப்ரவரி 14-இல் வீட்டில் இருக்கலாம். ஆக மொத்தம் 15 நாள்.

இதில் விடுப்பு எத்தனை? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும், தைப்பூச விடுமுறை உள்ள மாநிலமாயின் அந்த ஒரு நாளையும் கழித்தால் 12 நாள். வேலைச் சட்டப்படி ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 16 நாள். இளம் தொழிலாளிக்கு விடுப்பு போதாது. மீதி நாளுக்குச் சம்பளம் இராது. அதை முன்கூட்டியே தெரிந்து, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு வைக்க வேண்டும். டிக்கெட் வாங்கிய பிறகு பெரட்டுக் களத்தில் நின்று கெஞ்சக் கூடாது.

பூசம் ஜனவரியில் வரும் ஆண்டுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. 2024-ஐப் போல 25-ஆம் தேதி பூசம் என்றால், பொங்கலை ஒட்டியே நடை தொடங்க வேண்டும். தமிழ்நாடு முழுவதும் அப்போது ஊருக்குப் போவதும் திரும்புவதுமாக இருக்கும். ரயிலில் போக விரும்பினால், பயண நாளுக்கு 60 நாள் முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். முன்பு இது 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து மாறிவிட்டது. பழைய கணக்கை நம்பி யாரும் குழம்ப வேண்டாம்.

அடுத்து, தாள்கள். டிக்கெட் வாங்குமுன் ஒவ்வொருவருடைய அடையாளக் கார்டையும் மேசைமேல் வையுங்கள். நீலக் கார்டு இருந்தால் கடப்பிதழ் எடுக்கலாம். கட்டணம் 200 வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 வெள்ளி. ஏற்கெனவே கடப்பிதழ் இருந்தால், பயணத்துக்குப் பின் இன்னும் 6 மாதம் செல்லுமா என்று பாருங்கள். இந்தியாவுக்கு விசா தேவை. இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டு எல்லாம் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். கிராணி எழுதியபடி ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இருக்கும் முதியோர் நம்மிடையே பலர். ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் திண்டாட்டம்தான். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். போலி இணையப் பக்கங்களும் உண்டு. இந்திய அரசின் சொந்தப் பக்கம்தானா என்று உறுதி செய்துகொண்டே பணம் கட்ட வேண்டும்.

பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள். பெட்டியடியில் பத்திரப்படுத்திய பழைய 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் இருந்தால் அவற்றை எடுத்துப் போகாதீர்கள். அவை 2016 நவம்பரில் செல்லாதவை ஆகிவிட்டன.

இனி வழி. திருச்சி விமான நிலையம் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடிக்கும் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். எனவே நகரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. வயதானவர்கள் இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக் கார் பேசிக்கொள்வது புத்திசாலித்தனம். நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். நாம் போவது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். வடக்கே இதே பெயரில் ஒரு மாவட்டத் தலைநகரமே இருக்கிறது. குன்றக்குடி வேறு, சென்னைக்குப் பக்கத்துக் குன்றத்தூர் வேறு. இரண்டும் முருகன் தலங்கள் என்பதால் தடுமாற்றம் எளிது.

போய்ச் சேர்ந்த மறுநாள் ஓய்வு என்றோம். அந்த ஒரு நாள் சும்மா இருக்கும் நாள் அன்று. தூங்கலாம், கோயிலில் வழிபடலாம். அதோடு நீங்கள் சேர்ந்து நடக்கப்போகும் குழுவினரைப் பார்த்து நான்கு கேள்வி கேட்க வேண்டும்: காலையில் எத்தனை மணிக்குப் புறப்பாடு? இரவில் எங்கே தங்கல்? பைகளை ஏற்றிவர வண்டி உண்டா? நடக்க முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? நகரத்தார் காவடிகளுக்குத் தனி முறையும் ஒழுங்கும் உண்டு. நாமாகப் புகுந்துவிட முடியாது. ஆகவே நம்மை ஏற்றுக்கொள்ளும் குழு ஒன்றை உறவினர் மூலமாகவோ தெரிந்தவர் மூலமாகவோ இங்கிருந்தே பேசி முடித்திருக்க வேண்டும்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. "நாள் பூராவும் நடக்கிற எங்களுக்கு என்னங்க பயிற்சி?" என்று தோட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிரையில் நடப்பது வேறு. ஒரு மரத்துக்கு நான்கு எட்டு. நின்று சீவி, அடுத்த மரம். கீழே மெத்தென்ற மண், மேலே நிழல். அங்கேயோ தார்ச்சாலையில் நிற்காமல் பல மணி நேரம். ஆகவே இரண்டு மாதத்துக்கு முன்பே விடியற்காலையில் தார்ச்சாலையில் நடந்து பழகுங்கள். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, பிறகு 15. காலணி போட்டு நடப்பதானால் பழகிய காலணியையே கொண்டு போங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறுங்காலில் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் வந்ததே தெரியாது. மாத்திரைகளை விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். வெயிலுக்கு முன்பும் பின்பும் நடப்பதால் இருட்டில் சாலையோரம் போக நேரும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கமாக நடங்கள். முதுகுப் பையில் ஒளிபடும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அடையாளக் கார்டை மேசைமேல் வையுங்கள் என்றோம். சில வீடுகளில் பாட்டியின் கார்டு சிவப்பாக இருக்கும். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்தத் தோட்டத்திலேயே உழைத்தவர். ஆனாலும் மலேசியக் கடப்பிதழ் அவருக்குக் கிடைக்காது. இதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கண்டுபிடித்து அவர் மனத்தை உடைக்காதீர்கள். ஓராண்டு முன்பே பாருங்கள். தேசியப் பதிவிலாகாவில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். முடியாமல் போனால், கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு இரதத்தின் பின்னே நடக்கும் வழி இருக்கிறது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். 1890-களிலிருந்து நம் மக்கள் தைப்பூசம் கொண்டாடிவரும் இடம் அது. அந்த நடைக்கும் ஒரு நாள் முன்பே போய் ஓய்வெடுங்கள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரால் முடிந்த தூரம் நடங்கள். அவருடைய வேண்டுதல் அங்கே நிறைவேறட்டும்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "பழநிக்கு நடக்கணும்னு வேண்டுதல் இருக்கா?" ஆம் என்றால் நாள்காட்டியைக் கொண்டுவந்து பூச நாளில் ஒரு வட்டம் போடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள்.