உங்கள் நெல் மூட்டை இப்போது எங்கே?



அந்தக் காலத்தில் களத்துமேட்டில் தூற்றிய நெல்லை அம்பாரமாகக் குவித்து, அளக்கிறவரை அதன்மேல் சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறி போட்டு வைப்பார்கள். ராத்திரியில் யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் நெல் சரிந்து குறி கலைந்துவிடும். விடிந்ததும் தெரிந்துபோகும். அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்கள். அளக்கிறவர் ஒருவர், கணக்கு வைக்கிறவர் வேறொருவர். படிக்காத பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த ஏற்பாடு இது. இன்றைக்குக் கம்ப்யூட்டரும் செயற்கைக்கோளும் செய்கிற வேலையும் இதேதான். அந்தக் குறி இப்போது களத்தோடு நிற்காமல் மூட்டையோடு கூடவே பயணம் போகிறது.

எங்கே போகிறது என்று பாருங்கள். 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துகிறது. அங்கே 40 கிலோ மூட்டையாகப் பிடித்த நெல், லாரியில் ஏறிக் கிடங்குக்கோ திறந்தவெளிச் சேமிப்பு மையத்துக்கோ போகிறது. பக்கத்தில் உள்ள அரவை ஆலைக்கும் போகும். மிச்சம் தஞ்சாவூர் ரயிலடியில் சரக்கு வண்டி ஏறி தர்மபுரி, காஞ்சிபுரம், விருதுநகர் என்று வெளிமாவட்டம் போகிறது. அரிசியான பிறகு மறுபடி கிடங்கு, அங்கிருந்து ரேஷன் கடை. ஐந்தாறு கை மாறுகிறது.

"நெல்லைப் போட்டாச்சு, பணம் பேங்குக்கு வந்தாச்சு, அப்புறம் மூட்டை எங்கே போனால் எனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வந்தன. வாங்கிய மூட்டைகள் நிலையங்களிலேயே தேங்கின. உள்ளே இடமில்லாததால் வெளியே காத்துக்கிடந்த நெல் நனைந்து முளைவிட்டது. ஒரு நிலையத்தில் நாளைக்கு 800 மூட்டை பிடிக்கிறார்கள், ஒரு லாரி வந்து 400 மூட்டை ஏற்றிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தே நாளில் 4,000 மூட்டை அடுக்கு நிற்கும். பதினோராம் நாள் வருகிறவருடைய நெல் சாலையில்தான் கிடக்கும். முன்னால் போன மூட்டை நகர்ந்தால்தான் பின்னால் உள்ளவருக்கு இடம்.

அது ஏன் நகரவில்லை? லாரி இல்லையா, கிடங்கில் இடமில்லையா, ஆலையில் அரவை நின்றதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 2025-ல் ஆலைக்காரர் ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ செறிவூட்டிய அரிசி மணி கலந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கிலோ வந்து சேராவிட்டாலும் அரவை நிற்கிற நிலை அப்போது இருந்தது. அரவை நின்றால் கிடங்கு நிரம்பும், கிடங்கு நிரம்பினால் லாரி சுமையோடு வாசலில் நிற்கும். கடைசியில் நம் களத்து நெல் முளைக்கும். எந்த இடத்தில் அடைத்துக்கொண்டது என்று அன்றைக்கன்றே தெரிவதற்குத்தான் இந்தத் தொடர்பதிவு.

இது எப்படி வேலை செய்கிறது? முதல் பதிவு உங்களுடையது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு இவற்றோடு இணையத்தில் பதிகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்கிறார். நிலையத்தில் ஈரப்பதமும் எடையும் எழுதிப் பட்டியல் போடுகிறார்கள். அதற்கப்புறம் உங்கள் மூட்டை என்று தனியாக ஒன்று கிடையாது, அடுக்கில் கலந்துவிடும். இத்தனை மூட்டை, இன்ன ரகம், இன்ன நிலையம், இன்ன லாரி என்ற கூட்டுக்கணக்குதான் மேலே போகிறது. அனுப்பியவர் எழுதிய எண்ணிக்கையும் எடையும், வாங்கியவர் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். அளக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்ற பழைய கணக்குதான்.

லாரிகளில் ஜி.பி.எஸ். என்ற சின்னப் பெட்டி வைக்கிறார்கள். பலர் அது வானத்தோடு பேசுகிறது என்று நினைக்கிறார்கள். அது பேசுவதில்லை, கேட்கத்தான் செய்கிறது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சைகையாவது கிடைத்தால், தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு செல்போன் போலவே ஒரு சிம் அட்டை வழியாக அந்தச் சேதியை அலுவலகத்துக்கு அனுப்பும். வழியில் டவர் இல்லாத இடம் வந்தால் சேதியைச் சேர்த்து வைத்திருந்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். லாரி இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்றால் தெரிந்துவிடும். ஆனால் ஒன்று. அந்தப் பெட்டிக்கு லாரியைத்தான் தெரியும், மேலே இருக்கிற மூட்டையைத் தெரியாது. நின்ற இடத்தில் பத்து மூட்டை இறங்கினால் அதை எடை மேடைதான் சொல்ல வேண்டும்.

ரயிலுக்கு ஏற்பாடு வேறு. சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் 11 இலக்க எண் எழுதியிருக்கும். அடுத்த தடவை ரயில்வே கேட்டில் நிற்கும்போது பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பெட்டியின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேயுடையது, அதற்கடுத்த இரண்டு கட்டிய வருடம், பிறகு நான்கு அந்தப் பெட்டிக்கே உரிய எண். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் கூட்டிப் பெருக்கிக் கிடைப்பது. எழுதுகிறவர் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ஒரு பெட்டியில் சுமார் 60 டன் ஏற்றலாம். அதாவது 1,500 மூட்டை. 42 பெட்டி உள்ள ஒரு ரயில் 63,000 மூட்டையைக் கொண்டுபோகும். ஒரு ரயில் வரத் தவறினால் எத்தனை நிலையத்தில் அடுக்கு உயரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இப்போது எடைக்கு வருவோம். சண்டை வருகிற இடம் இதுதான். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதம் வரை இருக்கலாம். மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்துவது உண்டு. 2022 அக்டோபரில் 19 சதம் வரை அனுமதித்தார்கள். 17 சதத்தில் பிடித்த 40 கிலோ மூட்டை, காய்ந்து 14 சதத்துக்கு வந்தால் எடை 38 கிலோ 600 கிராம்தான் இருக்கும். 19 சதத்தில் பிடித்த மூட்டையானால் 37 கிலோ 700 கிராம் அளவுக்கு இறங்கும். யாரும் திருடவில்லை, தண்ணீர் போயிற்று. ஆகவே மூட்டை எடையை மட்டும் எழுதி ஈரப்பதத்தை எழுதாமல் விட்டால் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். மாதக்கணக்கில் திறந்தவெளியில் கிடந்து குறைந்ததா, வழியில் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 400 மூட்டை ஏற்றிய லாரியில் ஒரு சதம் ஈரம் காய்ந்தாலே 190 கிலோ போல எடை குறையும். ஆனால் படுதா போட்டு மூடி, சாயங்காலம் கிளம்பி விடியற்காலை போய்ச் சேர்கிற லாரியில் ஒரு சதம் காயாது. அங்கே 190 கிலோ குறைந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

எந்திரத்தின் யோக்கியதை, அதில் எழுதுகிறவரைப் பொறுத்தது. ஒரு நிலையத்தில் பகலெல்லாம் ஏற்றி அனுப்பிய லாரிகளை ராத்திரி ஏழு மணிக்கு ஒரே மூச்சில் பதிந்ததை நானே பார்த்தேன். பட்டியல் எழுத்தர் ஒருவரே ஈரம் பார்க்க, எடை பார்க்க, பில் போட என்று ஓடினால் வேறென்ன செய்வார்? கம்ப்யூட்டரில் மூன்று லாரியும் ஏழு மணிக்குக் கிளம்பியதாக இருக்கும். எந்த லாரி வழியில் தாமதித்தது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

ஆகையால் நம் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம். எடை போடும்போது தராசின் எண்ணையும், ஈரமானியின் எண்ணையும் நின்று பாருங்கள். ரசீதில் ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை மூன்றும் சரியா என்று வாங்கின இடத்திலேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2025–26-க்கு நம் மாநிலத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். ரகத்தை மாற்றி எழுதினால் குவிண்டாலுக்கு 45 ரூபாய் போய்விடும். பதிவில் கொடுக்கிற செல்போன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், வியாபாரியுடையது வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். ஊரில் படித்த பிள்ளை ஒருவரை விட்டு, தினமும் எத்தனை மூட்டை பிடித்தார்கள், எத்தனை லாரி போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 'மூட்டை தேங்குகிறது' என்று மட்டும் சொல்லி மனு கொடுத்தால் 'நடவடிக்கை எடுக்கிறோம்' என்ற பதிலோடு போகும். 'எங்கள் நிலையத்தில் ஐந்து நாளாக லாரி வரவில்லை, 4,000 மூட்டை நிற்கிறது, வானம் கறுத்திருக்கிறது' என்று தேதி போட்டு எழுதினால் அதிகாரி தன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். நோட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் அதுவே பெரிய சேதி.

புது எந்திரம் என்றால் நமக்குப் பயமில்லை. 1960-களில் வானொலி கேட்டு நட்ட ஆடுதுறை 27-க்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

பயணத்தின் கடைசிப் பதிவும் உங்கள் கையில்தான் வருகிறது. ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த அரிசி ரேஷன் கடைக்கு வந்து, நீங்கள் விரல் வைத்து வாங்கியதும் உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத அரிசிக்கு அப்படிச் செய்தி வந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அந்தச் செய்தியோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் போங்கள்.