கூடி மிதித்தால் கோடி நன்மை

தூத்துக்குடி, சைக்கிளுக்கென்றே அமைந்த ஊர். ரோச் பூங்காவிலிருந்து முத்துநகர் கடற்கரை, துறைமுகம், முயல் தீவு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சு முட்டவைக்கும் மேடு கிடையாது. தெற்கே உப்பளங்களைக் கடந்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தபடியே போனால் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். உப்பளத்துக்கும் மீன் ஏலத்துக்கும் சைக்கிளிலேயே போய்வந்த பெரியவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

அவர்களுடைய பிள்ளைகள் மோட்டார் பைக்குக்கு மாறிவிட்டார்கள். கால்களுக்கு வேலை குறைந்தது. சர்க்கரை நோய் பெருகியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், அதாவது, வயது வந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவர்.

உடற்பயிற்சி தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். கடமைக்குச் செய்வது சில வாரங்களில் நின்றுவிடுகிறது. ஆசைப்பட்டு, நாலு பேரோடு சேர்ந்து செய்வது ஆயுளுக்கும் தொடர்கிறது. சைக்கிளின் பெரிய பலமே இதுதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மிதிக்கும்போது தொடையும் பின்புறமும் சேர்ந்து உடலின் பெரிய தசைகள் உழைக்கின்றன. உழைக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்த பிறகும் ஒரு நாள் வரை, சிலருக்கு அதற்கு மேலும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. ஓட முடியாத கனத்த உடம்புக்காரர்களும், மூட்டு தேயத் தொடங்கியவர்களும் சைக்கிள் ஓட்ட முடிவது இதனால்தான். ஆனால் எலும்பு உறுதிக்கு இது மட்டும் போதாது. நடையும், எடை தூக்கும் எளிய பயிற்சிகளும் கூடவே வேண்டும்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதம் என்பதற்கு அதுவே அளவு. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடையே இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதற்குச் சைக்கிள் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசம் அல்ல.

துணை ஏன் வேண்டும்?

இந்தக் கடலில் முத்துக் குளித்தவர்கள் தனியாக மூழ்கியதில்லை. மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். சைக்கிள் குழுவும் அப்படித்தான். ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் இன்னொருவர் நிற்கிறார். ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் போன் வருகிறது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. தனிமை மனதோடு இதயத்தையும் பாதிக்கிறது. பணி ஓய்வுக்குப் பின் வீட்டுக்குள் ஒடுங்கிவிடும் அப்பாவுக்கும், பிள்ளைகள் வெளியூர் போன அம்மாவுக்கும் ஒரு குழு தரும் மருந்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றார்கள். சேர்ந்து கற்றதால் கேலியைத் தாங்கும் துணிவு வந்தது. முன்னாள் டிஜிபி சைலேந்திரபாபு அறுபது வயதைத் தாண்டியும் குழுவாக நெடுந்தூரம் ஓட்டி, இளைஞர்களையும் அழைத்துவருகிறார். வயது ஒரு தடை அல்ல.

குழுவுக்கு ஒரே சட்டம் போதும்: மெதுவாக வருபவரின் வேகமே எல்லோருடைய வேகம்.

காற்றும் வெயிலும்

நம் ஊரில் மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். போகும்போது எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிவிடும். முன்னால் போகிறவருக்கே உழைப்பு அதிகம். அதனால் முறைவைத்து இடம் மாறுங்கள். புதியவர்கள் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகாமல் இடைவெளி விடுங்கள்.

கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் காயாது. உடல் சூடு தணியாது. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீர் குடியுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பு சேர்த்த மோரோ நீராகாரமோ நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதநீரில் சர்க்கரை அதிகம்; சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றதல்ல. தலைசுற்றல், குமட்டல், குழப்பமான பேச்சு வந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள்.

சீட் உயரம் சரிதானா?

பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்க வேண்டும். சீட் தாழ்ந்தால் முட்டியின் முன்புறம் வலிக்கும்; மிக உயர்ந்தால் பின்புறம் வலிக்கும். கை மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் அதிகம் சாய்கிறீர்கள் என்று பொருள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் விடுங்கள். கியர் சைக்கிள் கட்டாயமில்லை. வீட்டில் தூசி படிந்து நிற்கும் பழைய சைக்கிளே போதும்.

லாரிகள் ஓடும் சாலை

துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அதிகம். லாரியின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. திருப்பங்களில் லாரியை முந்தாதீர்கள். ஹெல்மெட், பின்பக்கச் சிவப்பு விளக்கு, வெளிர் நிற உடை கட்டாயம். குழுவாகப் போனாலும் ஒருவர் பின் ஒருவராகவே போங்கள். பள்ளத்தை முதலில் பார்ப்பவர் குரல் கொடுங்கள்.

தொடங்கும் முன்

இதய நோய், நெஞ்சு வலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். குளுக்கோஸ் கைவசம் இருக்கட்டும், உடன் வருபவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். பாதம் மரத்தவர்கள் செருப்பை விட்டு மூடிய ஷூ அணியுங்கள்.

முதல் வாரம் தினமும் 15 நிமிடம் போதும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். தெருவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நேரத்தையும் இடத்தையும் இன்றே பேசி முடிவுசெய்யுங்கள். காத்திருக்க ஒருவர் இருந்தால் படுக்கையை விட்டு எழுவது எளிது.