நிறுத்திப் போட்ட கார் கிளம்பவில்லையா?



"காரைப் பற்றி நம்ம மடலில் எதுக்கு மேடம்?" என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் இருக்க, லீவுக்கு வந்தபோது வாங்கிய கார் ஷெட்டில் மூடிக்கிடக்கிற வீடுகள் நம் குழுக்களிலேயே உண்டு. கடன் வாங்கி வாடகைக்கு வண்டி விட்டவர்களும் உண்டு. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளைத் திரும்ப எடுக்க அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு உறுப்பினரின் மாமியாருக்கு விடியற்காலையில் மூச்சுத்திணறல். காரில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும். பதறிப்போய் பத்துப் பதினைந்து தடவை திருப்பியிருக்கிறார். கடைசியில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பாட்டி பிழைத்துக்கொண்டார். (இப்படிப்பட்ட நேரத்தில் காரோடு மல்லுக்கட்ட வேண்டாம், உடனே 108-க்கு போன் போடுங்கள்.) மறுநாள் வந்த மெக்கானிக், "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு, மாத்தணும்" என்றாராம். நல்லவேளை, அவர் இன்னொருவரிடமும் காட்டினார். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றியதோடு வேலை முடிந்தது.

அதனால் சாவியைத் திருப்பியதும் முதலில் காதைக் கொடுங்கள். 'டக் டக்' என்றாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, டேஷ்போர்டு விளக்கு மங்கினாலோ பெரும்பாலும் பேட்டரிதான். கார் சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியும் தானாகவே இறங்கும். நல்ல பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. குளச்சல், முட்டம் பக்கம் கடல் காற்று வேறு, டெர்மினலை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

அந்தப் பொடியை எடுக்க நம் சமையலறை ஆப்பச் சோடாவே போதும். வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பொடி அமிலம் சேர்ந்தது, கையில், கண்ணில் படக் கூடாது. கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்னொன்று, மெக்கானிக்குகள் நமக்குச் சொல்லாதது: வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், தாலிச் சங்கிலியைச் சேலைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பிளஸ் முனையில் ஸ்பேனர் இருக்கும்போது வளையல் இரும்பில் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுப்பதானால் பிளஸ்ஸுக்குப் பிளஸ். மைனஸ் கேபிளின் ஒரு முனையை நல்ல வண்டியின் பேட்டரியிலும், மறுமுனையைக் கிளம்பாத வண்டியில் பேட்டரிக்குத் தள்ளி, என்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது பழைய கியர் வண்டிகளுக்குச் சரி. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும், பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் ஊரே தள்ளினாலும் கிளம்பாது.

என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேங்குது என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள், பெட்ரோல் பம்பு லேசாக முனகும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் பல வண்டிகள் கிளம்பிவிடும். டீசல் வண்டியில் சுருள் மாதிரி எரியும் விளக்கு அணைகிற வரை பொறுக்க வேண்டும். எதுவானாலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்ற விடாமல், ஒரு நிமிஷம் ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

பெட்ரோலும் பழசாகும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம்ம ஊரில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மாதக்கணக்கில் நின்ற வண்டி இழுக்காமல் இருந்தால் புது பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். பெட்ரோலே வராவிட்டால் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேங்காய், நெல் போடுகிற ஷெட்டில் நிற்கும் கார் என்றால் எலியைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நாகர்கோவிலில் இருந்து தக்கலை போய்வருகிற அளவாவது ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறும விடுவதில் பேட்டரிக்குப் பெரிய லாபமில்லை. கதவடைத்த ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டால் மணமில்லாத விஷப்புகை ஆளையே கொல்லும். பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து விளையாட்டுக் காட்டவே வேண்டாம்.

ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். அப்புறம் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் பூட்டித் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்தால் போதும். மேலே சொன்ன சகோதரி இப்போது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், அவருடைய காருக்கு அந்த அளவு. உங்கள் வண்டிக்கு எந்த அளவு என்று அடுத்த தடவை மெக்கானிக் வரும்போது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.