விருந்தாளி வாத்தியார்

ஜப்பானின் அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகும் வெளிநாட்டு இளைஞரின் நாள், வாசலில் செருப்பு மாற்றுவதில் தொடங்குகிறது. தெருவில் போட்டுவந்ததை அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போடுவதற்கென்றே இருக்கும் காலணியை மாட்டிக்கொண்டு, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லித் தன் மேசைக்குப் போகிறார். காலைக் கூட்டம் ஜப்பானிய மொழியில் நடக்கும். புதிதாக வந்தவருக்குப் பாதிகூடப் புரியாது. பிறகு 45 நிமிட வகுப்புகள் நாலைந்து. மதியம் ஏதாவதொரு வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கியூஷோகு எனும் பள்ளிச் சாப்பாடு. அதற்குப் பின் பிள்ளைகளே பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் நேரம். இவர் கையிலும் ஒரு துணி இருக்கும். நாளைக்கு இவர் வேறொரு பள்ளியில் இருக்கலாம். பதவியின் பெயர் 'உதவி மொழி ஆசிரியர்', சுருக்கமாக ஏ.எல்.டி. இவரைப் பற்றி நெடுநாளாக ஒரு கேலி உண்டு: நடமாடும் டேப் ரெக்கார்டர். வகுப்பாசிரியர் கைகாட்டினால் ஒரு வாக்கியத்தை வாசிப்பார், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள், அதோடு சரி. கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது தப்பான ஆள்மேல் விழுகிறது என்பது என் கட்சி. அவரை டேப் ரெக்கார்டர் ஆக்கியது பெரும்பாலும் அவருடைய திறமைக் குறைவு அல்ல, அவரை ஆசிரியராக விடாமல் விருந்தாளியாகவே உட்காரவைத்திருக்கும் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டின் பிறப்பைப் பார்த்தாலே விஷயம் பாதி விளங்கிவிடும். 1980-களில் ஜப்பானின் ஏற்றுமதி குவியக் குவிய, அமெரிக்காவோடு வர்த்தக உரசலும் வளர்ந்தது. ஜப்பான் தன் கதவைத் திறக்க மறுக்கிறது என்ற புகார் ஓயவில்லை. பிரதமர் நகசோனே 1986-ல் அதிபர் ரீகனைச் சந்தித்தபோது, அமெரிக்கத் தரப்புக்கு ஒரு பரிசு போலவே முன்வைக்கப்பட்டது, வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்கும் ஜெட் (ஜப்பான் பரிமாற்ற-கற்பித்தல்) திட்டம். அடுத்த ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்து இறங்கினார்கள். கல்வி அமைச்சகத்தோடு வெளியுறவு அமைச்சகமும் உள்நாட்டு நிர்வாக அமைச்சகமும் இதில் பங்காளிகள். திட்டத்தின் பெயரிலேயே 'பரிமாற்றம்' முதலில், 'கற்பித்தல்' அதற்குப் பின்தான். எந்தப் பாடத்திலாவது ஒரு பட்டம் இருந்தால் போதும்; ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. இன்று அதிகபட்சம் ஐந்தாண்டு, அப்புறம் திட்டத்திலிருந்து விலக வேண்டும். வந்து பார்த்துப் பழகிப் போகிறவருக்கு வகுத்த நிபந்தனைகள் இவை. அந்த நோக்கத்துக்கு இவற்றில் தவறே இல்லை.

அப்படியானால் அதைப் பரிமாற்றமாகவே மதிப்பிடுங்கள், ஏன் பாடம் நடத்தவில்லை என்று கேட்கிறீர்கள் என்று ஒருவர் மடக்கலாம். 1987-க்கு அது சரியான பதில். இன்றைக்கு அல்ல. 2011-ல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு 'அயல்மொழிச் செயல்பாடு' கட்டாயமானது. 2020-ல் அது மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு இறங்கியது. மேலே உள்ள இரண்டு வகுப்புகளுக்கும் ஆங்கிலம் மதிப்பீட்டோடு கூடிய முறையான பாடமாயிற்று. கீழ் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பீரியடு, மேல் வகுப்புகளுக்கு 70. நான்கு ஆண்டுக்கும் கூட்டினால் 210 பீரியடு, அதாவது 157 மணி நேரத்துக்குச் சற்றுமேல். இரவு பகலாகச் சேர்த்து எண்ணினால், ஒரு பிள்ளையின் தொடக்கப்பள்ளி ஆங்கிலம் முழுவதும் சுமார் ஆறரை நாளில் அடங்கிவிடுகிறது. வகுப்பில் 35 பேர் என்றால், 45 நிமிடத்தைப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். உலக ஆங்கிலத் திறன் பட்டியல் ஒன்றில் 2024-ல் ஜப்பான் 116 நாடுகளில் 92-ஆம் இடத்துக்குப் போனதைக் காட்டி, இத்தனை வெளிநாட்டாரை வரவழைத்தும் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் தாமாக முன்வந்து தேர்வெழுதும் பெரியவர்களின் மதிப்பெண்ணைக் கொண்டது. அதை வைத்து யாரையும் தூக்கிலிடக் கூடாது. ஆறரை நாளுக்குள் எந்த ஆசிரியராலும் செய்ய முடிவது கொஞ்சம்தான். கேள்வி, அந்தக் கொஞ்சத்தையாவது செய்ய அவரை விடுகிறார்களா என்பது.

பல இடங்களில் விடுவதில்லை. காரணம், சம்பளச் சீட்டில் இருக்கிறது. இன்று ஜப்பானியப் பள்ளிகளில் இருக்கும் ஏ.எல்.டி.களில் பெரும்பாலோர் ஜெட் வழியாக வந்தவர்கள் அல்லர். நகராட்சியின் கல்வி வாரியம் நேரடியாக அமர்த்தியவர்கள் ஒரு பகுதி. தனியார் நிறுவனங்கள் அனுப்பிவைப்பவர்கள் இன்னொரு பகுதி. அந்த நிறுவனங்களோடு சில வாரியங்கள் போட்டுக்கொண்டது 'கியோமு இதாகு' எனப்படும் பணி ஒப்படைப்பு ஒப்பந்தம். நம்மூர்க் கான்டிராக்ட் போலத்தான்: வேலையை மொத்தமாக ஒருவரிடம் விட்டுவிடுவது. அப்படி விட்டபின், அந்தத் தொழிலாளிக்கு உத்தரவிடும் உரிமை அனுப்பிய நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. பள்ளி ஆசிரியர் நேரடியாக வேலை சொன்னால் அது மறைமுக ஆள் சப்ளை ஆகி, தொழிலாளர் சட்டத்தை மீறியதாகிவிடும். இதை ஒரு வகுப்பறைக்குள் வைத்துப் பாருங்கள். இருவர் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம். பின்வரிசைப் பிள்ளைக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள் என்று வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுகூடச் சட்டச் சிக்கலாகலாம். ஆள் அனுப்பும் இன்னொரு வகை ஒப்பந்தத்தில் இந்தத் தடை கிடையாது. அப்படியிருந்தும் இந்த வகையைப் பிடித்துக்கொண்ட வாரியங்கள் வாங்கியது மணிக்கணக்கை, கற்பித்தலை அல்ல.

இன்னொரு கட்சி வலுவானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவரின் குரல் பிள்ளையின் காதில் விழுவதே பெரிது, மற்றதெல்லாம் பிறகு என்பார்கள். 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாட்டிலிருந்து வேர்விட்ட நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று என்று 1992-ல் ராபர்ட் பிலிப்சன் எழுதினார். இதற்கு அவர் வைத்த பெயர், தாய்மொழியாளர் மாயை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா இந்த மாயையை மேலும் தோலுரித்தார். குரல்தான் வேண்டுமென்றால் பாடநூலோடு வரும் ஒலிப்பதிவே போதும். அதற்கு வீட்டு வாடகையும் விசாவும் தேவையில்லை. மாயை சட்டமாகவும் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்துத் தென் கொரியாவில் பார்க்கலாம். அங்கே ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது; ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் பொதுவாகப் போதும். 2010-ல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே இந்தியருக்கும் கதவு திறந்தது, ஆனால் அவர் ஆசிரியர் தகுதிச் சான்றும் காட்ட வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் கேட்கும் சான்றை, பயிற்சியே இல்லாதவரிடம் கேட்பதில்லை, அவருடைய பாஸ்போர்ட்டே சான்று என்பதால்!

வெளிநாட்டாரே வேண்டாம் என்று நான் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒலிப்பதிவால் முடியாத ஒன்று அவரால் முடியும்: ஜப்பானிய மொழி புரியாமல் நிற்பது. வகுப்பில் 'உனக்கு என்ன நிறம் பிடிக்கும்?' என்று கேட்பது நாடகம். கேட்கும் பிள்ளைக்கும் பதில் தெரியும், சொல்லும் பிள்ளைக்கும் கேள்வி தெரியும். சாப்பாட்டு மேசையில் அந்தப் புதியவர் தட்டிலிருக்கும் ஒன்றைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்கும்போது நாடகம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. எதிரே இருக்கும் ஒன்பது வயதுக்குத் தெரியும். தெரிந்த பத்துச் சொல்லை உருட்டி, கையைக் காட்டி, எப்படியாவது புரியவைத்தாக வேண்டும். தெரியாதவரிடம் தெரிந்ததைச் சொல்ல வேண்டிய அந்த அவசரம்தான் மொழி. மணிக்கணக்குப் பார்த்து ஆள் அமர்த்தும் வாரியங்கள் எளிதில் வெட்டிவிடக்கூடியது இந்த நேரத்தைத்தான்: சாப்பாட்டுக்கும் துப்புரவுக்கும் காசு எதற்கு என்ற கணக்கு.

உள்ளூர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தால் தீர்ந்தது என்போருக்கும் ஒரு தடை இருக்கிறது. ஓ.இ.சி.டி.யின் 2018 ஆய்வில் ஜப்பானின் நடுநிலைப்பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார். பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் அதிகம், சராசரியோ 38. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் 54 மணிக்கு மேல். ஜப்பானிய மொழியும் கணக்கும் பாட்டும் உடற்பயிற்சியும் நடத்துகிற அதே வகுப்பாசிரியர்தான் பல பள்ளிகளில் ஆங்கிலமும் நடத்துகிறார். அவர்களில் ஆங்கில ஆசிரியர் உரிமம் உள்ளவர்கள் சிறுபான்மை. இவர்மேல் இன்னொரு பயிற்சியை ஏற்றுவதைவிட, கூட நிற்பவரோடு உட்கார்ந்து நாளைய பாடத்தைப் பேசிக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்தால் பலன் அதிகம். நாலு பள்ளிக்கு ஒருவர் என்று சுற்றவிடும் வரை அந்த அரை மணி நேரம் வாய்க்காது. ஒரே பள்ளியில், பல ஆண்டுகள், பொறுப்போடு இருப்பவருக்குத்தான் வாய்க்கும்.

அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. பயிற்சிக் கல்லூரிக்குப் போகாதவரானாலும், ஒரு பாடத்தில் தேர்ச்சியும் அனுபவமும் உள்ளவருக்கு மாகாணக் கல்வி வாரியம் சிறப்பு ஆசிரியர் உரிமம் வழங்கலாம். குடியுரிமை அதற்குத் தடை அல்ல. உரிமம் கையில் இருந்தால் அவர் உதவியாளர் அல்ல, வகுப்பை முன்நின்று நடத்தலாம், மதிப்பெண் போடலாம். இந்த உரிமத்துக்கு வழி செய்த சட்டத் திருத்தம் வந்தது 1988-ல், அந்த 848 பேர் வந்திறங்கிய அடுத்த ஆண்டு.