அழையாமல் வரும் உபகாரி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். காசி, ஹரித்துவாரம், பத்ரி என்று யாத்திரை புறப்படும் பெரியப்பாவும் பெரியம்மாவும், தாஜ்மகாலைப் பார்க்க ஆசைப்படும் தங்கை குடும்பத்தினர், கோலாலம்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் சம்பந்தி வீட்டார் என்று யாராவது நம் வாசலை நாடாத ஆண்டு இராது. அவர்கள் இரயிலை விட்டு இறங்கும் இடத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையே உள்ளது சில மைல் தூரந்தான். ஆனால் ஆண்டுக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த யாத்திரைப் பணம் பறிபோவதற்கு அந்தச் சில மைல்களே போதுமானவை. ஆதலால் வழியில் நேரும் வஞ்சகங்களின் இயல்பை நாம் அறிந்து, வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அவசியமாகும்.

நம்மவரும் கோல் மார்க்கெட்டும்

புதுடில்லி நகரம் உருவாகிக்கொண்டிருந்த 1921-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது கோல் மார்க்கெட். 'கோல்' என்றால் ஹிந்தியில் வட்டம் என்று பொருள். பன்னிரண்டு பக்கங்களுடன் சாலைகளின் நடுவே நிற்கும் அக்கட்டடத்தைச் சுற்றியிருந்த அரசாங்கக் குடியிருப்புகளில், உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த தமிழர் பலர் அந்நாளில் வாழ்ந்தனர். அருகிலுள்ள மந்திர் மார்க்கில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 1939-இல் மகாத்மா காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திரும் அதே சாலையில்தான் இருக்கிறது. கிழக்கே சென்றால் கன்னாட் பிளேஸ். வடகிழக்கே பஹாட்கஞ்சும் புதுடில்லி இரயில் நிலையமும். வெளியூர்ப் பயணிகள் ஓயாமல் வந்து போகும் வட்டாரம் இது. பயணிகளை நம்பிப் பிழைக்கும் நேர்மையான மக்கள் இங்கே ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களிடையே எத்தர்கள் சிலரும் உலவுகிறார்கள்.

பழைய வித்தை

ஏமாற்றுகிறவனை ஹிந்தியில் 'டக்' என்பார்கள். தமிழில் 'தக்கர்' என்று நாம் படித்திருக்கும் வழிப்பறிக் கூட்டத்தாரின் பெயரும் அச்சொல்லிலிருந்து வந்ததே. 1830-களில் ஸ்லீமன் என்ற கம்பெனி அதிகாரி அவர்களை ஒடுக்கினார். அவர்களைப் பற்றிய கதைகளில் மிகை உண்டு என்று சரித்திர ஆசிரியர்களில் ஒரு சாரார் கூறுவர். எனினும் அவர்களுடைய முறையாகச் சொல்லப்படுவது கவனிக்கத்தக்கது. முதலில் வழித்துணையாக வந்து சேர்வார்களாம். நம்பிக்கையைப் பெற்ற பின்பே கை வரிசையைக் காட்டுவார்களாம். இன்றைய எத்தர்களுக்கு நம் உயிர் வேண்டியதில்லை, பணப்பை போதும். முறை மட்டும் மாறவே இல்லை.

நிலைய வாசலில் ஒருவர் எதிர்ப்பட்டு, டிக்கெட்டைக் காட்டும்படி பரிவுடன் கேட்பார். வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி ரத்தாகிவிட்டதே" என்றோ, "இந்த டிக்கெட் செல்லாதே" என்றோ வருந்துவார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம், நிலையத்துக்குள் அவர்களுக்கென இருக்கும் முன்பதிவு அலுவலகம் இடம் மாறிவிட்டது, தீப்பற்றி எரிந்துவிட்டது என்றுகூடக் கூசாமல் சொல்வார். பிறகு, "சுற்றுலா அலுவலகம் பக்கத்தில்தான், வாருங்கள்" என்று தாமே அழைத்துச் செல்வார். அங்கே 'அரசாங்க அங்கீகாரம் பெற்றது' என்ற பலகை தொங்கும். இரயில்களில் இடமே இல்லை என்று கூறி, ஆக்ராவுக்கும் ஜெய்ப்பூருக்கும் காரில் போக ஆயிரக்கணக்கில் பணம் பெற்றுக்கொள்வார்கள். மத்திய அரசாங்கத்தின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் சாலையில் 88-ஆம் எண்ணில் இருக்கிறது. வண்டி ஓடுகிறதா, டிக்கெட் உறுதியானதா என்பவற்றை 139 என்ற இரயில்வே எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டோவில் ஏறினால் வேறொரு செய்தி வரும். "உங்கள் ஹோட்டலை மூடிவிட்டார்கள்", "அந்தச் சாலையில் கலவரம்." நாம் சந்தேகப்பட்டால், ஹோட்டலுக்கே டெலிபோன் செய்து தருவதாகச் சொல்வதும் உண்டு. மறுமுனையில் பேசுகிறவரும் அவருடைய கூட்டாளியாக இருப்பார். காட்சிக்கு உரிய இடங்களில் "இன்று விடுமுறை" என்பது வழக்கமான பல்லவி. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமையும், செங்கோட்டைக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை என்று முன்னமே தெரிந்திருந்தால், மற்ற நாட்களில் இந்தப் பல்லவி நம்மிடம் பலிக்காது.

கன்னாட் பிளேஸில் நடந்து செல்லும்போது திடீரென்று செருப்பில் சாணம் ஒட்டியிருக்கும். ஆகாயத்திலிருந்து விழுந்ததோ என்று நாம் திகைக்கும்போதே துடைத்துவிட ஒருவர் எதிரில் நிற்பார். சாணத்தைத் தெளித்தவரும் துடைக்க வந்தவரும் ஒரே கம்பெனியின் பங்காளிகள்!

இவ்வளவு வேஷங்களுக்கும் அடிப்படை ஒன்றே. கெட்ட செய்தி ஒன்று வரும். அது மெய்யா என்று விசாரிக்க அவகாசம் இராது. பரிகாரமோ செய்தி கொண்டுவந்தவரின் கையிலேயே இருக்கும். இந்த மூன்றும் ஒருங்கே கூடினால், நின்ற இடத்தைவிட்டு நகராமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

தமிழில் பேசினால் போதுமா?

நம்மவர்கள் ஏமாறுவதற்கு மற்றொரு காரணம் மொழி. ஹிந்தி தெரியாத ஊரில் ஒருவர், "வாங்க, மெட்ராஸா?" என்று கேட்டுவிட்டால் மனம் குளிர்ந்துவிடுகிறது. பயணிகளிடையே பிழைக்கிறவர்கள் நான்கு மொழிகளில் நாற்பது வார்த்தைகள் கற்றிருப்பது அதிசயமன்று. அவ்வார்த்தைகளைக் கொண்டு ஒருவருடைய குணத்தை நிர்ணயிக்க இயலாது. கடைக்கு அழைத்துச் செல்லும் டிரைவர்களுக்கு அங்கே தரகு உண்டு. அத்தொகையும் நாம் வாங்கும் சேலையின் விலையில் சேர்ந்துவிடும். வேண்டியதை வாங்க, கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசாங்கங்களின் விற்பனை நிலையங்கள் இருக்கின்றன. நம் பூம்புகாரும் அங்கே உண்டு.

இக்காலத்தில் எத்தர்கள் வாசலுக்கு வரவேண்டிய தேவைகூட இல்லை, செல்போனிலேயே வந்துவிடுகிறார்கள். கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட், தர்மசாலையில் அறை என்று போலி வலைத்தளங்கள் பல முளைத்துள்ளன. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டுகள் 2023 முதல் ஐ.ஆர்.சி.டி.சி.யின் 'ஹெலியாத்ரா' தளத்தில் விற்கப்படுகின்றன. தனி மனிதர் ஒருவரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பக்கூடாது.

நாம் செய்யவேண்டியது

விருந்தினர் புறப்படுமுன் நம் விலாசத்தை ஹிந்தியிலும் எழுதி அனுப்புவோம். எந்த வாசலில் இறங்கவேண்டும், பஹாட்கஞ்ச் பக்கமா, அஜ்மீரி கேட் பக்கமா என்பதையும் எழுதுவோம். கோல் மார்க்கெட் பக்கம் வருவோருக்கு ராமகிருஷ்ண ஆசிரமம் மார்க் மெட்ரோ நிலையமும், விமானத்தில் வருவோருக்குச் சிவாஜி ஸ்டேடியம் நிலையமும் வசதியானவை. போலீஸ் சாவடியில் முன்பணம் கட்டி வண்டி எடுத்தால், சேருமிடம் வந்த பிறகே ரசீதை டிரைவரிடம் கொடுக்கவேண்டும். ஆபத்துக்கு 112, சுற்றுலா உதவிக்கு 1363, இணையப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களையும் அதே கடிதத்தில் குறித்துவிடலாம். 1930-க்கு எவ்வளவு விரைவில் சொல்லுகிறோமோ, பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஹிந்தி பேசும் நம் பிள்ளைகளை நிலையத்துக்கு அனுப்புவது எல்லாவற்றிலும் சிறந்தது.

அப்படியும் ஒருவர் ஏமாந்துவிட்டால், "இது கூடத் தெரியாதா?" என்று கேட்கவேண்டாம். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று மறைப்பது மனித சுபாவம். நாம் பரிகசித்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்; எத்தர்களுக்கு அந்த மௌனந்தான் மூலதனம்.

இதையெல்லாம் கேட்டு டில்லிவாசிகள் எல்லாரையுமே சந்தேகிக்கத் தொடங்கினால் பயணத்தின் பயனே போய்விடும். பெட்டியைத் தூக்கிவிடும் இளைஞரும், வழி காட்டும் சர்தார்ஜியும் இந்த ஊரில் நிறைந்திருக்கிறார்கள். கூட்டத்தில் நாமாகத் தேர்ந்து ஒரு கடைக்காரரையோ, குழந்தைகளுடன் செல்லும் தாயையோ வழி கேட்டால், அவர் எத்தராக இருப்பது மிக அரிது. ஆயிரம் பேரில் நம்மையே தேடி வந்து, கேளாமலே உதவி செய்ய நிற்பவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வழியை நாம் கேட்போம். யாரைக் கேட்பது என்பதையும் நாமே தீர்மானிப்போம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையை முதலில் சொல்லி வைப்போமாக.