பட்டன்ல பேசுறது யார்?

இந்த எபிசோட்ல பட்டன் பற்றிப் பேசப் போறோம். சட்டை பட்டன் இல்ல, திரையில வர்ற பட்டன். அதுல இருக்கிற ஒண்ணு ரெண்டு சொல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அதை விளக்குற ஆவணத்தை எப்படி எழுதுறது என்பதுதான் விஷயம். “இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?” என்று தோணலாம். 2017-ல் நடந்த ஒண்ணைச் சொல்றேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

விஎஸ் கோடு எடிட்டர் நம்மில் பலருக்குத் தினசரி சாப்பாடு மாதிரி. அதன் மூல நிரல் திறந்த மூல உரிமத்தில் கிட்ஹப்ல இருக்கு. குறைகளையும் அங்கேயே யார் வேண்டுமானாலும் பதியலாம். அந்த வருஷம் ஒரு டெவலப்பர் அங்கே ஆத்திரத்தோட ஒரு புகார் எழுதினார். எடிட்டரை அப்பதான் இறக்கி, சும்மா சுத்திப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். சோர்ஸ் கண்ட்ரோல் பகுதியில 5000 கோப்புகள் வரிசையா நிக்குது. இது நமக்கு எதுக்கு என்று ‘டிஸ்கார்ட்’ கொடுத்தார். மூணு மாச வேலை மொத்தமா அழிஞ்சு போச்சு. ரீசைக்கிள் பின்லயும் இல்ல.

எச்சரிக்கை வந்ததா? வந்தது. எல்லா மாற்றங்களையும் கைவிடலாமா, இதைத் திரும்பப் பெற முடியாது என்று பெரிய எழுத்தில் கேட்டது. அவர் படிக்கவும் செஞ்சிருக்கலாம். பிரச்சினை வேற இடத்துல இருக்கு. கிட் பார்வையில ‘மாற்றத்தைக் கைவிடு’ என்றால், கடைசியா கமிட் பண்ண நிலைக்குத் திரும்பு என்று அர்த்தம். ஒரு தடவைகூட கமிட் பண்ணாத கோப்புக்குத் திரும்பிப் போக பழைய நிலை எது? எதுவும் இல்ல. அதனால கோப்பையே நீக்கிடும். நிரலாளருக்கு இது சரியான தர்க்கம். ஆனால் பயனர் மனசுல ‘மாற்றம்’ வேற, ‘கோப்பு’ வேற. “மாற்றத்தைத்தானே விடச் சொன்னேன், கோப்பை யார் அழிக்கச் சொன்னது?”

பேக்கப் எடுக்காதது அவர் தப்பு என்று கிண்டல் பண்ணினவங்களும் இருக்காங்க. ஆனால் மென்பொருள் குழு சொல்லையும் மாற்றியது. பின்னாடி வந்த வெர்ஷன்களில், கிட் கண்காணிக்காத கோப்பு என்றால் கேள்வியிலேயே ‘டிலீட்’ என்று வருது. பட்டனும் அப்போ ‘டிலீட் ஃபைல்’ என்று சொன்னது. இந்த ஒரு வினைச்சொல்லைப் பார்த்தாலே கை கொஞ்சம் தயங்கும் இல்லையா?

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்ட விதி இதுதான்: பட்டன்ல இருக்கிறது பயனர் கணினிக்குச் சொல்ற வாக்கியம். அதை அழுத்துறப்போ அவர் வாயைத் திறந்து என்ன சொல்றார் என்பது அவருக்கே தெரிஞ்சிருக்கணும்.

‘ஓகே’ என்பது இதுக்கு ரொம்ப பலவீனமான சொல். எதுக்கு ஓகே? மேல இருக்கிற நாலு வரியைப் படிச்சாத்தான் தெரியும், அதை யாரும் படிக்கிறதில்ல. அதனாலதான் நோம் திட்டத்தின் வடிவமைப்பு வழிகாட்டி, பட்டனுக்கு வினைச்சொல் வையுங்க என்று சொல்லுது. லிப்ரே ஆபீஸ்ல சேமிக்காம மூடிப் பாருங்க. ‘சேவ்’, ‘டோன்ட் சேவ்’, ‘கேன்சல்’ என்று மூணு பட்டன் வரும். கேள்வியைப் படிக்காதவருக்கும் எதை அழுத்தினா என்ன ஆகும் என்று புரியும்.

‘கேன்சல்’ இன்னும் சிக்கலானது. டவுன்லோடு நடந்துக்கிட்டிருக்கு, நீங்க பிரவுசரை மூடுறீங்க. “டவுன்லோடை கேன்சல் செய்யவா?” என்று கேட்டு, கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’ என்று வச்சா? இங்க கேன்சல் என்றால் டவுன்லோடு நிக்குமா, நிறுத்துற முடிவு நிக்குமா? ஃபயர்ஃபாக்ஸ் இதை அழகா தீர்த்தாங்க. ஒரு பட்டன் ‘கேன்சல் 1 டவுன்லோடு’, இன்னொண்ணு ‘டோன்ட் எக்ஸிட்’. எத்தனை போகப் போகுது என்ற எண்ணிக்கை உட்பட பட்டன்லயே இருக்கு.

இப்போ தமிழுக்கு வருவோம். லிப்ரே ஆபீஸ், நோம், கேடிஇ எல்லாத்துக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு, தன்னார்வலர்கள் செய்றாங்க. அங்க அடிக்கடி வர்ற விவாதம்: ‘சேமி’யா, ‘சேமிக்கவும்’ஆ? “பயனரைப் போய் ‘சேமி’ என்று ஒருமையில அதட்டலாமா?” என்று சிலர் கேட்பாங்க. நம்ம விதியை வச்சுப் பாருங்க. பட்டன்ல பேசுறது பயனர், கேட்கிறது கணினி. கணினிக்கு மரியாதை தேவையில்ல, ‘சேமி’ போதும். ஆனால் மேல வர்ற கேள்வியில கணினி உங்களிடம் பேசுது. அங்க ‘சேமிக்க வேண்டுமா?’, ‘கோப்பைத் தேர்ந்தெடுங்கள்’ என்று மரியாதையோட வரணும். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு குரல். ஆங்கிலத்துல ‘சேவ்’ என்ற ஒரே சொல்லில் மறைஞ்சு போற இந்த வேறுபாட்டை தமிழ் வெளியே காட்டிடுது.

இன்னொரு வம்பு. பெரும்பாலான கட்டற்ற மென்பொருள்கள் கெட்டெக்ஸ்ட் முறையில மொழிபெயர்க்கப்படுது. மூல ஆங்கிலச் சொற்கள் ஒரு பட்டியலா பிஓ கோப்பில் வரும். ஒரே சொல் பத்து இடத்துல இருந்தாலும் பட்டியலில் ஒரு தடவைதான் வரும். மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்க்கிறதில்ல, சொல்லை மட்டும்தான் பார்க்கிறார். ‘ஃப்ரீ’ என்று தனியா வந்தா என்ன எழுதுவார்? ‘இலவசம்’. அது வட்டில் மீதி இருக்கிற இடம் என்றால், உங்க கணினியில ‘12 ஜிபி இலவசம்’ என்று ஆடித் தள்ளுபடி மாதிரி நிக்கும். ‘ஓபன்’ என்றால் ‘திற’வா, ‘திறந்திருக்கிறது’ என்ற நிலையா? இதுக்குத் தீர்வு நிரல் எழுதுறவர் கையில இருக்கு. கெட்டெக்ஸ்ட்ல ஒவ்வொரு சொல்லோடும் சூழலைச் சேர்க்க வசதி இருக்கு, மொழிபெயர்ப்பாளருக்குக் குறிப்பும் எழுதலாம். “வட்டில் மீதி உள்ள இடம்” என்று ஒரு வரி போதும். நோம் மாதிரி திட்டங்களில் வெளியீட்டுக்கு முன்னாடி சொற்களை மாற்றாம உறைய வைக்கிற காலமும் உண்டு, மொழிபெயர்ப்பாளர்கள் வேலையை முடிக்கணுமே.

சரி, ஆவணம். கிம்ப் மென்பொருளின் 2.8 பதிப்பு 2012-ல் வந்தது. அதிலிருந்து ‘சேவ்’ என்றால் எக்ஸ்சிஎஃப் வடிவம் மட்டும்தான். ஜேபெக், பிஎன்ஜி வேணும்னா ‘எக்ஸ்போர்ட்’. பலருக்குக் கோபம். பல வருஷப் பழக்கம் மாறுதே. ஆனால் காரணத்தைப் பாருங்க. ஜேபெக்ல லேயர் எதுவும் தங்காது. ‘சேவ்’ என்ற சொல், உங்க வேலை முழுசா பத்திரமா இருக்கும் என்று வாக்கு கொடுக்குது. ஜேபெக்கால அந்த வாக்கைக் காப்பாத்த முடியாது.

இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, சேவ் பெட்டியில ‘.ஜேபெக்’ என்று டைப் பண்ணினா, இது எக்ஸ்சிஎஃப்புக்கு மட்டும், மற்ற வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் போங்க என்று அங்கேயே சொல்லும். எக்ஸ்போர்ட் பெட்டிக்கே கூட்டிட்டுப் போற இணைப்பையும் கொடுத்தாங்க. 300 பக்க கையேட்டுல தேட வேண்டிய விஷயம், தேவைப்படுற நொடியில, தேவைப்படுற இடத்துல கிடைக்குது.

தனி ஆவணம் எழுதும்போது நான் நாலு விஷயம் பார்ப்பேன். ஒண்ணு, பட்டன்ல என்ன சொல் இருக்கோ அதே சொல். பட்டன்ல ‘நீக்கு’, கையேட்டுல ‘அழி’ என்று இருந்தா, படிக்கிறவர் இல்லாத பட்டனைத் தேடுவார். ரெண்டு, ஒரு படிக்கு ஒரு செயல். மூணு, செஞ்சதும் திரையில என்ன தெரியும் என்று சொல்லணும். நாலு, ஆபத்து இருந்தா அந்தப் படிக்கு முன்னாடியே எழுதணும். “குறிப்பு: இது கோப்புகளை அழிக்கும்” என்று அழுத்தினதுக்கு அப்புறம் படிச்சு என்ன பிரயோஜனம்? அதைவிட முக்கியம், அப்படி ஒரு குறிப்பு எழுத வேண்டி வந்தா, முதல்ல அந்த பட்டனின் பெயரை மாத்த முடியுமா என்று பாருங்க.

சோதிக்க பெரிய ஆய்வகம் வேண்டாம், போன் போதும். எங்க அம்மாவுக்கு லேப்டாப்ல ஏதாவது சொல்லிக் கொடுக்கும்போது எனக்கு அவங்க திரை தெரியாது. “என்னம்மா கேட்குது?” என்றால் கேள்வியைப் படிக்க மாட்டாங்க. “கீழ ஓகே இருக்குப்பா, கேன்சல் இருக்குப்பா, எதை அமுக்க?” அவ்வளவுதான். அதே பெட்டியில ‘படங்களை நீக்கு’, ‘வைத்திரு’ என்று இருந்தா, அவங்க என்னைக் கேட்கவே வேண்டாம். உங்க மென்பொருளின் பட்டன்களை மட்டும் யாருக்காவது போன்ல படிச்சுக் காட்டுங்க. அழுத்தினா என்ன நடக்கும் என்று அவங்க சரியா சொல்லிட்டா பாஸ்.

கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கணும், ஆனால் சி பிளஸ் பிளஸ் பார்த்தா பயமா இருக்கு என்று நிறைய பேர் மெசேஜ் பண்றீங்க. உங்களுக்கு இது நல்ல வாசல். குழப்பின ஒரு பட்டனைப் பிடிங்க. என்ன நடக்கும் என்று நினைச்சீங்க, என்ன நடந்தது, எந்தச் சொல் இருந்திருந்தா புரிஞ்சிருக்கும், இந்த மூணையும் அந்தத் திட்டத்தின் இஷ்யூ பக்கத்துல எழுதுங்க. தமிழ்ல என்றால் லிப்ரே ஆபீஸின் வெப்லேட் தளத்துல ஒரு கணக்கு தொடங்கி, பரிந்துரையா கொடுக்கலாம். இந்த வாரம் ஒரே ஒரு சொல். எந்தப் பட்டன் என்று எனக்கும் எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.