தேயிலைச் சரிவும் சமகாலக் கலையும்: கேமரன் மலையை முன்வைத்து ஒரு நோக்கு

சமகாலக் கலையால் சமுதாயத்திற்கு என்ன பயன் எனும் வினா நம் வகுப்பறைகளில் அரிதாகவே எழுகிறது. கலை என்றதும் ஆய கலைகள் அறுபத்து நான்கையும் கோயிற் சிற்பத்தையும் பரதத்தையும் எடுத்துக்காட்டிப் பழகியவர்கள் நாம். தேநீர்க் கறை படிந்த துணியொன்றைக் கலைக்கூடத்தில் தொங்கவிட்டு, அதனைக் கலை என்று ஒருவர் கூறினால் அது விளையாட்டாகவே நமக்குத் தோன்றக்கூடும். இந்த ஐயம் இயல்பானதே. இதனைத் தீர்த்துக்கொள்ள மேலைநாட்டுக் கோட்பாடுகளை நாடுமுன், நம் நாட்டிலேயே உள்ள ஓர் இடத்தை வைத்து ஆராய்வது தெளிவு தரும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையே அவ்விடம்.

1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதியை அளக்க வந்த வில்லியம் கேமரன் எனும் நில அளவையாளரின் பெயராலேயே இது வழங்கப்படுகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸல் இங்குப் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். இன்று மலேசியாவின் மிகப் பெரிய தேயிலை உற்பத்தி நிறுவனமாக அது விளங்குகிறது. செங்குத்தான சரிவுகளில் காட்டை அழித்துச் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும்பங்கினர். தானா ராத்தாவிலும் தோட்டங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் அவர்தம் வாழ்வின் சான்றுகளாக நிற்கின்றன.

ஆயினும், கேமரன் மலை என்றவுடன் பொதுமக்கள் மனத்தில் தோன்றும் படம் வேறு. அஞ்சலட்டை, நாட்காட்டி, சுற்றுலாக் கையேடு ஆகிய யாவற்றிலும் அதே படம்தான்: பனி மூடிய மலை, வரிவரியாகப் பச்சைச் செடிகள், நடுவே வளைந்து செல்லும் பாதை. மனிதர் பெரும்பாலும் இரார். இருப்பினும் முகம் தெரியாத அளவிற்குத் தொலைவில் கூடையுடன் ஒரு புள்ளியாக இருப்பர். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் பார்வையாளர்களுக்காக எழுப்பப்பட்ட நிலையம் தற்காலக் கட்டடக் கலைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. சரிவுக்கு மேலாக வெளியே நீண்டு நிற்கும் அதன் தளத்தில் தேநீர் அருந்தியவாறே பள்ளத்தாக்கு முழுவதையும் காணலாம். அழகிய கட்டடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்வுயரத்திலிருந்து தோட்டம் தெரியுமேயன்றிக் கொழுந்து பறிப்பவரின் விரல் தெரியாது.

இவ்விடத்தில் நம் இலக்கண மரபு கைகொடுக்கிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளில் அடக்கினார். மனிதர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். தொழிலைக் குறிக்க அவர் 'செய்தி' எனும் சொல்லை ஆள்வதும் எண்ணத்தக்கது. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனினும், அங்குத் தொழில் செய்வோரும் அவர்தம் உணர்வும் இல்லாமல் திணை நிறைவு பெறுவதில்லை. சுற்றுலாப் படமோ முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. கருப்பொருளில் மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தொழிலை நீக்கிவிடுகிறது. நீக்கப்பட்டதை மீண்டும் நிலத்திற்குள் கொண்டுவருவதே சமகாலக் கலை ஆற்றக்கூடிய முதன்மையான சமுதாயப் பணி எனலாம்.

மலேசியக் கலையுலகில் கேமரன் மலையின் பெயர் ஒலிக்காமல் இல்லை. 2000களின் தொடக்கத்தில் காக்கிசெனி அமைப்பு, நாடகம், நடனம், இசை முதலிய அரங்கக் கலைகளுக்கான விருதுகளை ஏற்படுத்தியது. போ நிறுவனத்தின் ஆதரவில் எழுந்த அவை 'போ கேமரோனியன் கலை விருதுகள்' எனப் பெயர் பெற்றன. அரசாங்க உதவி குறைவாகக் கிடைக்கும் அரங்கக் கலைஞர்களுக்கு இவ்விருதுகள் பெரும் ஊக்கமாக அமைந்தன. தேயிலையின் வருவாய் கலையை வளர்க்கிறது என்பது பாராட்டத்தக்கதே. அத்தேயிலையைப் பறித்தவரின் வாழ்வு அந்த மேடையில் எத்துணை முறை ஏறியது என்று கேட்பதும் நன்றியின்மை ஆகாது.

தோட்ட வாழ்வைக் கலையாக்கிய முயற்சிகள் மலேசியாவில் பெரும்பாலும் ரப்பர்த் தோட்டத்தையே களமாகக் கொண்டவை. தேயிலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. கெடாவின் பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய நாடகங்களும், 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' நாவலும் இவ்வகையில் முன்னோடிகள். 1984இல் கிருஷன் ஜித், மேரியன் டி குரூஸ் முதலியோருடன் அவரும் சேர்ந்து தொடங்கிய ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர், பல்லின வாழ்வை மேடைக்குக் கொண்டுவந்தது. ஓவியத்தில் ஜெகதேவா அனுரேந்திராவைக் குறிப்பிட வேண்டும். 2001இல் அவர் படைத்த ஓவியமொன்றின் தலைப்பு, ஓடும் இந்தியர்களையும், இருபத்தைந்து தேய்வழக்குகளில் அடங்கிய மலேசிய இந்தியர் வரலாற்றையும் குறிக்கிறது. ஒரு சமுதாயத்தின் வரலாறு தேய்வழக்குகளாகச் சுருங்கிவிட்டது என்பதைத் தலைப்பிலேயே அவர் சொல்லிவிடுகிறார். நாமும் 'பாட்டாளி', 'வியர்வை சிந்தியவர்' என்று எழுதி எழுதி அச்சுருக்கத்திற்குத் துணைபோனவர்களே.

வோங் ஹோய் சியோங் எனும் பினாங்குக் கலைஞரின் பணி மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. 1990களில் அவர் குடிபெயர்ந்தோரையும் ரப்பர் மரத்தையும் இணைத்து வரைந்த கரித்துண்டு ஓவியங்கள் புகழ்பெற்றவை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்து அவர் உருவாக்கிய படைப்பில் ஆயிரக்கணக்கானோரின் பெருவிரல் ரேகைகள் இலைகளோடும் மலரிதழ்களோடும் ஒன்றுசேர்க்கப்பட்டன. (அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.) தோட்டப்புறத்தில் சம்பளப் பேரேட்டில் கைநாட்டு வைத்த தலைமுறையை அறிந்தவர்க்கு, அந்த ரேகைகள் கூடுதலாக ஒரு பொருளைத் தரும். எழுதத் தெரியாமையின் அடையாளமாக இருந்த கைநாட்டு, அங்கே குடிமகனின் எதிர்ப்புக் குரலாக மாறிவிடுகிறது. படைப்பின் பொருள் கலைஞரோடு முடிவதில்லை, காண்பவரின் நினைவிலும் விளைகிறது என்பதற்கு இது தக்க சான்று.

தேயிலையையே கருவியாகக் கொண்ட கலையைக் காண இலங்கை மலையகத்திற்குச் செல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் மரபில் வந்த ஹனுஷா சோமசுந்தரம், தேநீர் வடிகட்டியையும் தேநீர்ப் பையையும் தேயிலைச் சாயத்தையும் கொண்டு தம் படைப்புகளை ஆக்குகிறார். சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யும் 2006இல் ஒரு டன் தேயிலையை அழுத்திக் கனசதுரமாக்கினார். இரண்டும் தேயிலைதான். சீனரின் கனசதுரத்தில் பண்டமும் வாணிகமும் முன்னிற்கின்றன. மலையகப் பெண்ணின் வடிகட்டியிலோ, சாற்றைப் பிறர் கொள்ளத் தாம் சக்கையாகத் தங்கிவிட்டவர்களின் வாழ்வைக் காண இடமுண்டு. தொடக்கத்தில் நாம் ஐயுற்ற கறை படிந்த துணி, இந்நிலையில் உரிப்பொருளைத் தாங்குவதாகிறது.

இக்கலை யாரைச் சென்றடைகிறது என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. கலைக்கூடங்கள் கோலாலம்பூரில் உள்ளன. விளக்கக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தோட்டத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டி அங்குச் சென்று தம் வாழ்வைக் காணும் வாய்ப்பு மிகக் குறைவு. இக்குறை கலைஞருடையது மட்டுமன்று. தமிழில் கலைத்திறனாய்வு வளராமையும், நம் பாடத்திட்டங்கள் இலக்கியத்தோடு நின்றுவிடுவதும் இதற்குக் காரணங்களாகும். கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், மலையை வரைந்துவரும் மாணவனிடம் "இதில் கொழுந்து பறிப்பவர் எங்கே?" என்று ஆசிரியர் கேட்டால் போதும், திணைப் பாடமும் ஓவியப் பாடமும் அங்கே ஒன்றாகிவிடும்.

அவ்வினாவிற்கு மாணவன் தரும் விடை நமக்கு வியப்பளிக்கவும் கூடும். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இன்று சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கின்றனர். பல இடங்களில் கூடைக்கு மாறாக, இருவர் சேர்ந்து பிடித்துச் செல்லும் பறிக்கும் பொறி வந்துவிட்டது. தன் பாட்டியை வரைவதா, இன்று காலையில் தான் கண்ட வங்காளதேச இளைஞரை வரைவதா என்று அம்மாணவன் தயங்கலாம். இருவரையும் ஒரே தாளில் அவன் வரைந்து வந்தால், அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை நம் மதிப்பீட்டுப் படிவங்கள் இன்னும் வரையறுக்கவில்லை.